புராஸ்டேட் வீக்கம்: மாத்திரையா, மூலிகையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரைகளை மருந்துக் கடையில் நின்று தினமும் எடுத்துக் கொடுக்கிறவன் நான். சீட்டை நீட்டிவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி ஆண்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கேட்டவை. இதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதியது இது.

புராஸ்டேட் வீக்கம் என்றால் என்ன? எல்லா ஆண்களுக்கும் வருமா?

சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி புராஸ்டேட். விந்துவோடு சேரும் திரவத்தில் ஒரு பங்கை இதுதான் சுரக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. நாற்பதைத் தாண்டிய பிறகு பலருக்கு இது மெல்ல வளர ஆரம்பிக்கிறது. அறுபது வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் இந்த வளர்ச்சி இருக்கும். ஆனால் வளர்ந்த எல்லாருக்கும் தொந்தரவு வருவதில்லை. ஸ்கேனில் 60 கிராம் என்று வந்தும் நிம்மதியாகத் தூங்குகிறவர் இருக்கிறார். 30 கிராமிலேயே அவதிப்படுகிறவரும் இருக்கிறார். அதனால் ஸ்கேன் அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இது கேன்சரா? கேன்சராக மாறுமா?

இல்லை, மாறவும் மாறாது. ஆனால் இரண்டும் ஒரே சுரப்பியில், ஒரே வயதில் வருகின்றன. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். அதனால்தான் மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கிறார், பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். இந்தப் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டு, நேராகக் கடைக்கு வந்து "பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிற மாத்திரையே கொடுங்கள்" என்று கேட்பவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்திருக்கிறேன். அப்படியென்றால் புராஸ்டேட்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் ஊரில் இந்த வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகமாகும். சர்க்கரைக்காகக் கொடுக்கப்படும் டபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை, அவற்றாலும் அடிக்கடி போக வேண்டி வரும். பிரஷருக்கு எழுதும் நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டால் ராத்திரி எழுந்தே ஆக வேண்டும். பகல் முழுக்க நின்று வேலை பார்த்துக் கால் வீங்குகிறவர்களுக்கு, படுத்த பிறகு அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறித் தூங்குகிறவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கிக் குளியலறையில் வையுங்கள். மூன்று நாளைக்கு, ஒவ்வொரு முறையும் மணி என்ன, எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லி மட்டுமே வருகிறது என்றால் பையிலோ புராஸ்டேட்டிலோ சிக்கல். ராத்திரி ஒவ்வொரு தடவையும் 350, 400 மில்லி போகிறது என்றால் உடம்பு ராத்திரியில் அதிகமாகச் சிறுநீர் தயாரிக்கிறது. அதற்குப் புராஸ்டேட் மாத்திரை எதுவும் செய்யாது. அந்த ஒரு பக்க நோட்டு, மருத்துவருக்குப் பத்து நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

புராஸ்டேட்டுக்கே உரிய அடையாளங்கள் வேறு: போய் நின்றால் உடனே வராது, முக்க வேண்டியிருக்கும், வேகம் குறைந்திருக்கும், விட்டு விட்டு வரும், முடித்த பிறகும் சொட்டும், இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே தோன்றும்.

புராஸ்டேட் வீக்கம் என்று உறுதியானால் உடனே மருந்து தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. உலகம் முழுக்கப் பயன்படும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20உம் அதற்கு மேலும் கடுமையானது. கடைசியாகத் தனியாக ஒரு கேள்வி: இப்போது இருக்கிறபடியே வாழ்நாள் முழுக்க இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் மற்ற ஏழையும்விட முக்கியமானது இதுதான். லேசான தொந்தரவு, பெரிய மனக்குறை இல்லை என்றால், சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர், காபி, டீயைக் குறைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொண்டாலே போதும்.

சீட்டில் யூரிமேக்ஸ், வெல்டாம் என்று எழுதுகிறார்களே, அது என்ன செய்கிறது?

இரண்டும் டாம்சுலோசின் என்ற ஒரே மருந்தின் கம்பெனிப் பெயர்கள். அல்ஃபுசோசின், சிலோடோசின், டாக்சசோசின், டெராசோசின் எல்லாமே இந்தக் குடும்பம்தான். புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப் பையின் வாயிலும் இருக்கும் தசை இறுகிக் குழாயை நெரிக்கிறது. இந்த மருந்துகள் அந்தத் தசையைத் தளர்த்துகின்றன. வழி கொஞ்சம் அகலமாகிறது, அவ்வளவுதான். சுரப்பி ஒரு கிராம்கூடச் சுருங்காது.

இந்த வழியை 1970களில் முதலில் காட்டியவர் ஜெருசலேமைச் சேர்ந்த மார்கோ கெய்ன் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர். அவர் பயன்படுத்திய பழைய மருந்து உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும் என்பதால் மயக்கம் அதிகம். பின்னால் வந்த டாம்சுலோசினும் சிலோடோசினும் பெரும்பாலும் புராஸ்டேட் பக்கத்துத் தசையிலேயே வேலை செய்கின்றன.

இதன் நல்ல குணம் வேகம். சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒன்றுமே மாறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து வேண்டியிருக்கலாம், நோயே வேறாகவும் இருக்கலாம்.

அந்த மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறது. விந்தும் வரவில்லை. பயமாக இருக்கிறது.

முதலில் தலைசுற்றல். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கும். ராத்திரி சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து மாத்திரையைப் போட்டுக்கொள்வது நல்லது, வெறும் வயிற்றில் வேண்டாம். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். முதல் சில நாட்கள் ரொம்பக் கவனம். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்சசோசின், டெராசோசினைச் சில நாள் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, குறைந்த அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

"ஒரே கல்லில் இரண்டு மாங்காய், பிரஷருக்கும் இதுவே போதுமே" என்று டாக்சசோசினைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பிரஷர் மருந்துகளை ஒப்பிட்ட ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வில், டாக்சசோசின் சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு அதிகம் என்று தெரிந்து, 2000ஆம் ஆண்டில் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். பிரஷருக்குத் தனி மருந்து இருக்கட்டும்.

விந்து விஷயம்: பையின் வாய் தளர்ந்திருப்பதால் விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடலாம், அல்லது வெளியேறாமலே இருக்கலாம். சிலோடோசினில் இது அதிகம், நாலில் ஒருவருக்கு மேல் வரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். குழந்தைக்கு முயல்கிறவர் என்றால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறேன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, இதைத் தெரியாமல் இருக்கிறவர்கள்தான் அதிகம். டாம்சுலோசின் கண்ணின் கருவிழித் திரைத் தசையையும் தளர்த்திவிடுகிறது. அறுவை நடக்கும்போது கண்மணி திடீரென்று சுருங்கி, திரை தொளதொளத்து ஆடும். 2005இல் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் கண் மருத்துவர் அதற்கேற்ற கருவியும் மருந்தும் வைத்துக்கொள்வார், பெரிய சிக்கல் வராது. மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்று சொல்லாமல் இருக்காதீர்கள், நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் இந்த விளைவு வரலாம். கண்புரை ஆபரேஷன் ஏற்கெனவே முடிவாகியிருந்தால், அது முடிந்த பிறகு இந்த மாத்திரையைத் தொடங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

சுரப்பியையே சுருக்கும் மருந்து இல்லையா?

இருக்கிறது. ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு. இவை கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே சில குழந்தைகள் பார்க்கப் பெண் குழந்தை போலப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பன்னிரண்டு வயதையொட்டி ஆணாக மாறினார்கள். ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்து 1974இல் காரணத்தை எழுதினார். ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனை, அதைவிட வீரியமான டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாற்ற ஒரு நொதி வேண்டும். இந்தக் குடும்பங்களில் பரம்பரையாக அந்த நொதி வேலை செய்யவில்லை. வளர்ந்த பிறகு அவர்கள் திடகாத்திரமான ஆண்கள். ஆனால் வயதான பின்பும் அவர்களுடைய புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அப்படியானால் அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன? மெர்க் நிறுவனம் அந்த வழியில் போய் உருவாக்கியதுதான் ஃபினாஸ்டரைடு. 1992இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முடி கொட்டுவதற்கு இளைஞர்கள் சாப்பிடுவதும் இதே மருந்துதான். அங்கே 1 மில்லிகிராம், இங்கே 5.

இந்த மருந்துகள் சுரப்பியை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சுருக்கும். ஆனால் பொறுமை வேண்டும். ஆறு மாதம் ஆகும். இரண்டு மாதம் சாப்பிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள், பலன் வருவதற்கு முன்பே விட்டுவிடுகிறார்கள். சுரப்பி பெரிதாக, 30, 40 கிராமுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் இது பயன்படும். சின்னச் சுரப்பிக்குக் கொடுத்துப் பயனில்லை.

இதைச் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. குறைகிறது. நல்லதுதானே?

இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு இரண்டும் ஆறு மாதம் ஓர் ஆண்டுக்குள் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும். அதாவது அறிக்கையில் 3 என்று வந்தால் அதை 6 என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாவிட்டால், அவர் 3ஐப் பார்த்து "சரி, பரவாயில்லை" என்று அனுப்பிவிடக்கூடும். மாத்திரை சாப்பிடும்போது பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கினால், அளவு சின்னதாகத் தெரிந்தாலும் உடனே பார்க்க வேண்டும். மருந்து தொடங்கும் முன்பே ஒரு முறை பி.எஸ்.ஏ. எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை. 18,882 ஆண்களிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் வீரியமான வகை கொஞ்சம் அதிகம் தென்பட்டது. அது பெரிய கவலையைக் கிளப்பியது. பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை.

வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். அவள்தான் எனக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாள். பரவாயில்லையா?

வேண்டாம். உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையையோ, கசிந்த டூட்டாஸ்டரைடு கேப்சூலையோ கர்ப்பிணி கையால் தொட்டால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருக்கும்பட்சத்தில் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். உடையாத மாத்திரையின் மேல்பூச்சு பாதுகாப்புதான், ஆனாலும் அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். இன்னொன்று, இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் ரத்ததானம் செய்யக் கூடாது. டூட்டாஸ்டரைடு உடம்பில் வெகுநாள் தங்கும்; நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம்.

யூரிமேக்ஸ்-டி என்று எழுதியிருக்கிறார். இரண்டு மருந்து எதற்கு?

அதில் டாம்சுலோசினும் டூட்டாஸ்டரைடும் சேர்ந்திருக்கின்றன. ஒன்று இப்போதைக்கு வழிவிடும், இன்னொன்று மெதுவாகச் சுருக்கும். இது கம்பெனிகள் விற்பனைக்காகச் சேர்த்த கூட்டு மட்டுமல்ல, ஆதாரம் உண்டு. 2003இல் வெளியான எம்டாப்ஸ் ஆய்வில் 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டு பார்த்தார்கள். நோய் முற்றும் வாய்ப்பை டாக்சசோசின் 39 விழுக்காடும், ஃபினாஸ்டரைடு 34 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 66 விழுக்காடும் குறைத்தன. அதைவிட முக்கியமாக, தசையைத் தளர்த்தும் மருந்தைத் தனியாகச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் முழுவதும் அடைத்துக்கொள்வதோ, அறுவைக்குப் போவதோ நீண்ட நாள் கணக்கில் குறையவில்லை. தொந்தரவு குறைந்தது, ஆனால் சுரப்பி தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருந்தது.

அதற்காக எல்லாருக்கும் கூட்டு மாத்திரை தேவை என்று ஆகாது. சின்னச் சுரப்பிக்காரருக்கு இரண்டாவது மருந்தின் பக்க விளைவுதான் மிஞ்சும். "ஐயா, என் சுரப்பி எத்தனை கிராம், எனக்கு இரண்டும் வேண்டுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆண்மை குறையுமா?

சுருக்கும் மருந்துகளில், சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும், விந்து குறையும், அபூர்வமாக மார்பு லேசாக வீங்கி வலிக்கும். பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. ஆனால் வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டு மருந்தை யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்கள் கடையில் மாதாமாதம் வருவதை நிறுத்திவிடுகிறவர்கள். மனைவிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

புராஸ்டேட் தொந்தரவும் விறைப்புக் குறைவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு டடலாஃபில் 5 மில்லிகிராம் தினமும் கொடுக்கும் வழி இருக்கிறது. 2011இல் புராஸ்டேட் தொந்தரவுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே ஒரு எச்சரிக்கையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் இதைத் தொடவே கூடாது. பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அடக்கவே முடியவில்லை, ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு?

அது பை அளவுக்கு மீறி இறுகுவதால். சொலிஃபெனசின், டால்டெரோடின், மிராபெக்ரான் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே நிறையத் தேங்குகிறவருக்கு முதல் இரண்டும் ஆபத்து.

சா பால்மெட்டோ கேப்சூல் ஆன்லைனில் நிறைய வருகிறது. வாங்கலாமா?

அமெரிக்காவின் தென்கிழக்கில், குறிப்பாக ஃபுளோரிடாவில் வளரும் ஒரு குட்டைப் பனையின் பழத்திலிருந்து எடுக்கும் சாரம் இது. உலகில் புராஸ்டேட்டுக்காக மிக அதிகமாக விற்கும் மூலிகைகளில் ஒன்று. 1990கள் வரை நடந்த சின்னச் சின்ன ஆய்வுகள் பலன் உண்டு என்றன. பிறகு அமெரிக்காவில் கறாராகச் சோதித்தார்கள். 2006இல் வெளியான ஆய்வில் 225 ஆண்கள், ஓர் ஆண்டு; சா பால்மெட்டோவுக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை. அளவு போதவில்லையோ என்று 2011இல் இன்னொரு ஆய்வு. 369 ஆண்களுக்கு வழக்கமான அளவிலிருந்து மூன்று மடங்கு வரை ஏற்றி, 72 வாரம் கொடுத்தார்கள். மூலிகை சாப்பிட்டவர்களின் தொந்தரவு மதிப்பெண் 2.2 குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ 2.99 குறைந்தது.

அந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மருந்தே இல்லாத மாத்திரையிலும் மூன்று மதிப்பெண் குறைந்திருக்கிறது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். மோசமாக இருக்கும்போதுதான் நாம் மருந்து தேடுகிறோம், அதற்குப் பிறகு இயல்பாகவே கொஞ்சம் சரியாகும். கவனம் எடுத்துக்கொள்கிறோம் என்ற தெம்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் "நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டது" என்று ஒருவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கேட்டது அந்த மூலிகையால்தானா என்பதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

ஐரோப்பாவில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்த ஒரு வகைக்கு மட்டும் இன்னும் ஓரளவு மதிப்பு இருக்கிறது. ஆன்லைனில் வரும் டப்பாவில் இருப்பது அதுதானா என்பதை லேபிளைப் பார்த்துச் சொல்வது கடினம். பெரிய கெடுதல் இல்லாத மூலிகைதான். ஆனால் அந்தக் காசுக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பூசணி விதை? மற்ற வெளிநாட்டு மூலிகைகள்?

ஜெர்மனியில் பூசணி விதைக்கு நெடுங்கால வழக்கம் உண்டு. அங்கே 1,431 ஆண்களிடம் ஓர் ஆண்டு நடந்த ஆய்வில் விதையை 5 கிராம் வீதம் தினம் இரண்டு முறை கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் விதை சாப்பிட்டவர்களில் 58.5 விழுக்காடு, வெற்று மருந்தில் 47.3 விழுக்காடு. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், அதே விதையிலிருந்து எடுத்த சாரத்தைக் கேப்சூலாகக் கொடுத்தபோது பலன் இல்லை. ஆகவே விலை கூடிய கேப்சூலை விட்டுவிட்டு, வேண்டுமானால் விதையையே மென்று சாப்பிடுங்கள். உணவாகவும் நல்லது.

பல தாவரங்களில் இருக்கும் பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற பொருளை ஆராய்ந்த நான்கு ஆய்வுகளில், 519 ஆண்களிடம், தொந்தரவும் சிறுநீர் வேகமும் மேம்பட்டன. ஆனால் எல்லாம் ஆறு மாதம் அல்லது அதற்கும் குறைந்த கால ஆய்வுகள். சுரப்பி சுருங்கவில்லை. ஆப்பிரிக்க மலைகளில் வளரும் பைஜியம் மரப்பட்டையும் பழைய சிறு ஆய்வுகளில் ஓரளவு உதவியது. பட்டைக்காக மரங்களை உரித்தே அழித்ததால் 1995 முதல் அதன் வணிகம் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நம் சித்த மருத்துவத்தில் நெருஞ்சில், சிறுபீளை எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. நெருஞ்சில், மாவிலங்கப் பட்டை, மூக்கிரட்டை, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை எல்லாமே நீரடைப்பு, கல்லடைப்பு, நீர்க்கடுப்புக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டவை. நான் இவற்றை மதிக்கிறேன். ஆனால் நீரடைப்பு என்று அன்று சொன்னதில் கல், கிருமித்தொற்று, புராஸ்டேட் எல்லாம் கலந்திருக்கும். கல்லுக்கு உதவுவது புராஸ்டேட்டுக்கும் உதவும் என்று ஆகாது. சா பால்மெட்டோவுக்கு நடந்தது போன்ற பெரிய ஒப்பீட்டுச் சோதனை இவற்றுக்கு நடக்கவில்லை. தவிர, நெருஞ்சில் போன்றவை சிறுநீரைப் பெருக்குபவை. வழி குறுகியிருக்கும்போது சாயங்காலம் ஒரு டம்ளர் கஷாயம் குடித்தால் ராத்திரி இன்னும் இரண்டு தடவை எழுந்திருப்பீர்கள்.

கழற்சிக்காயைப் பற்றியும் கேட்கிறார்கள். அது நம் வழக்கத்தில் விரை வீக்கத்துக்குச் சொல்லப்பட்டது, இடமே வேறு.

சித்த மருந்துதான் வேண்டும் என்றால் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு உண்டு, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனம் இருக்கிறது. பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடியையும், பஸ் ஸ்டாண்ட் நோட்டீஸில் வரும் "மூன்றே மாதத்தில் ஆபரேஷன் இல்லாமல் குணம்" மருந்தையும் தவிருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70ஐச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. 2004இல் இது வெளியானது. மூலிகை என்ற பெயரில் ஆங்கில மருந்தைக் கலப்பதும் நடக்கிறது. பி.சி. ஸ்பெஸ் என்று புராஸ்டேட் புற்றுநோய்க்காக விற்ற ஒரு மூலிகைக் கலவையில் பெண் ஹார்மோன் மருந்தும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் கலந்திருந்தது தெரிந்து 2002இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

மூலிகையும் ஆங்கில மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

மறைக்காமல் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஏதாவது அறுவைக்குத் தேதி குறித்தவர்களும் மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கவலை மூலிகையின் பக்க விளைவைவிட, அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான். ஓர் ஆண்டு பொடி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தேங்கிய சிறுநீர் மேலேறிச் சிறுநீரகம் வலியே இல்லாமல் கெட்டுப்போகலாம்.

சளிக்கு மாத்திரை போட்டேன், ஒன்றுக்கே வரவில்லை. ஏன்?

கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் பல சளி மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் என்ற இரண்டு பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும். முன்னது பை சுருங்கும் வலுவைக் குறைக்கிறது, பின்னது பை வாயின் தசையை இறுக்குகிறது. இதுவரை சமாளித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரே ராத்திரியில் முழுதாக அடைத்துக்கொள்ளும். புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர் எந்த மருந்துக் கடையிலும் சளி, அரிப்பு, தூக்கத்துக்கான மாத்திரை கேட்கும்போது, "எனக்குப் புராஸ்டேட் இருக்கிறது" என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

அடிவயிறு உப்பி, வலி தாங்காமல், ஒரு சொட்டும் வரவில்லை என்றால் உடனே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடித்துப் பார்க்கவும் வேண்டாம். அங்கே டியூப் போட்டு வடித்துவிடுவார்கள், அந்த நிமிடமே வலி போய்விடும். பிறகு தளர்த்தும் மாத்திரையைச் சில நாள் கொடுத்துவிட்டு டியூபை எடுத்துப் பார்ப்பார்கள், பலருக்குத் தானாகவே போகத் தொடங்கும். இன்னொரு வகை அடைப்பு வலியில்லாமல் வரும். பை நிரம்பி வழிந்து, தூக்கத்தில் படுக்கை நனையும். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள், அதுவும் அவசரம்தான். சிறுநீரில் ரத்தம் வந்தாலும் அப்படியே.

மருந்து வாழ்நாள் முழுக்கவா? ஆபரேஷன் எப்போது?

பெரும்பாலும் ஆமாம், பலன் தரும் வரை. சுருக்கும் மருந்தை நிறுத்தினால் சுரப்பி மறுபடி வளரும். திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்வது, பையில் கல், அடிக்கடி தொற்று, நிற்காத ரத்தக்கசிவு, சிறுநீரகம் பாதிக்கப்படுவது, மருந்துக்கு அடங்காத அவதி: இவை அறுவைக்கான நேரம். கத்தி வைக்காமல் சிறுநீர்க் குழாய் வழியாகவே செய்யும் டி.யு.ஆர்.பி.யும் லேசரும் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் மூலிகை தேடுவது வீண்.

அப்பா டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறார். ஏதாவது மாத்திரை இருந்தால் கொடுங்கள்.

கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பயப்படுவது பெரும்பாலும் இரண்டுக்குத்தான்: விரல் பரிசோதனை, கேன்சர் என்ற சொல். விரல் பரிசோதனை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். மகள் சொல்வதைவிட, ஏற்கெனவே பார்த்து வந்த அவருடைய நண்பர் ஒருவர் சொன்னால் காதில் ஏறும். தளர்த்தும் மருந்துகளும் சுருக்கும் மருந்துகளும் கம்பெனிப் பெயர் இல்லாத ஜெனரிக்காக மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன என்பதையும் சொல்லுங்கள், செலவைப் பற்றிய கவலையை வாய்விட்டுச் சொல்லாதவர்கள் நிறையப் பேர்.

போகிற அன்று ஒரு பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: மூன்று நாள் சிறுநீர் அளவு எழுதிய நோட்டு, பழைய பி.எஸ்.ஏ., கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), சர்க்கரை அறிக்கைகள், ஸ்கேன் படம், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், அலமாரியில் இருக்கும் பொடியும் லேகியமும் உட்பட. ஸ்கேனுக்குச் சிறுநீர்ப் பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் காலையில் கிளம்பும்போது தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.